பாராட்டின் விலாசம்

விற்காத புத்தகம் எழுதியவனுக்கு இரண்டு ஆறுதல்கள் உண்டு. ஜனங்களுக்கு ரசனை இல்லை என்பது ஒன்று. விமர்சகர்களுக்குக் கண் இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் நானே சமயத்துக்கு ஏற்றபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் என்ற ஊரைச் சேர்ந்த நாலு இளைஞர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விமர்சகர்கள் அவர்களுடைய இசைத்தட்டைக் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், வாய் நிறையப் புகழ்ந்தார்கள். ஜனங்கள் அதை வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை. ஒதுக்குவதற்கு முதலில் கையில் கிடைக்க வேண்டாமா?

அந்தக் கோஷ்டிக்குப் பெயர் பிக் ஸ்டார். 1972ல் வெளிவந்த அவர்களுடைய முதல் தட்டுக்குப் பெயர் 'நம்பர் ஒன் ரெக்கார்டு'. முதல் பெயர், அவர்கள் ஒலிப்பதிவு செய்த ஆர்டெண்ட் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இருந்த பலசரக்குக் கடையின் பெயர்ப்பலகையிலிருந்து எடுத்தது. இரண்டாவது பெயர், ஆசை.

என் அக்காள் மகன்தான் இதை எனக்குக் கேட்கக் கொடுத்தான். முதல் தடவை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேனாட்டுச் சங்கீதத்தில் நான் பண்டிதன் அல்ல. மூன்றாம் தடவை கேட்கும்போது, சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு கிதார்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டின் பெயர் 'பதிமூன்று'. பதிமூன்று வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடம் விட்டதும் உன்னோடு கூட நடந்து வரலாமா என்று ஒரு பெண்ணைக் கேட்கிறான். அவ்வளவுதான் விஷயம். அந்த வயசுக் கூச்சத்தைப் பெரியவர்கள் எழுதும்போது பெரும்பாலும் கேலி கலந்துவிடும், இல்லாவிட்டால் கண்ணீர் கலந்துவிடும். இதில் இரண்டும் இல்லை. நான் கதை எழுதுகிறவன். இது எவ்வளவு சிரமமான காரியம் என்று எனக்குத் தெரியும்.

'பவர் பாப்' என்று இந்த ரகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பீட்டில்ஸ் கோஷ்டியிடமிருந்து இனிமையான மெட்டையும் அடுக்குக் குரல்களையும் எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே கிதாரையும் முரசையும் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஓட விடுவது. மூன்று நாலு நிமிஷத்துக்குள் காரியத்தை முடித்துக்கொள்வது. 1972ல் அது காலத்துக்கு ஒட்டாத சரக்கு. கிதாரைப் பத்து நிமிஷம் நிறுத்தாமல் வாசிப்பதுதான் அப்போது கெட்டிக்காரத்தனம். அதிலும் மெம்ஃபிஸ், கறுப்பு மக்களின் 'சோல்' சங்கீதத்துக்குப் பேர் போன ஊர். அங்கே இருந்துகொண்டு நாலு வெள்ளைக்காரப் பையன்கள் லண்டனைக் கனவு கண்டார்கள்.

கனவு என்றதும் ஞாபகம் வருகிறது: தட்டில் 'இந்தியாப் பாட்டு' என்று ஒன்று இருக்கிறது. கோஷ்டியின் ஆண்டி ஹம்மல் எழுதியது. அதில் வருகிற இந்தியாவில் காட்டுக்கு நடுவே ஒரு வெள்ளை பங்களா, கையில் மதுக் கோப்பை, பக்கத்தில் பியானோ. நம்மவர் ஒருவர்கூட அந்த பங்களாவுக்குள் தலைகாட்டுவதில்லை, சமையற்காரனாகக்கூட. இருபத்தோரு வயதுப் பையனின் பகற்கனவு என்று மன்னித்துவிட்டேன். பின்னால் வரும் குழலோசை அழகாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகைகள் இந்தத் தட்டைக் கொண்டாடின. பில்போர்டு, கேஷ் பாக்ஸ் என்ற இரண்டு வியாபார வாரப் பத்திரிகைகளும் நல்ல வார்த்தை சொல்லின. பன்னிரண்டு பாட்டில் எதை வேண்டுமானாலும் தனித் தட்டாக வெளியிடலாம் என்ற கருத்தில் பில்போர்டு எழுதியது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் பட் ஸ்கோப்பா என்ற விமர்சகர் 1973 தொடக்கத்தில் மனமாரப் பாராட்டி எழுதினார். ஒரு முதல் படைப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

விற்றது பத்தாயிரம் பிரதிகளுக்கும் குறைவு என்று கணக்குச் சொல்கிறார்கள். அமெரிக்க தேசம் முழுவதற்கும் சேர்த்து.

இதற்குக் காரணம் ரசனையில் இல்லை, கிடங்கில் இருந்தது. ஆர்டெண்ட் ஒரு சின்ன, சொந்த முயற்சி நிறுவனம். ஜான் ஃப்ரை என்பவர் நடத்தினார். தட்டைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு ஸ்டாக்ஸ் கம்பெனியுடையது. ஓட்டிஸ் ரெட்டிங், ஐஸக் ஹேஸ் போன்ற பெரிய பாடகர்களின் தட்டுகளை வெளியிட்ட கம்பெனி அது. சோல் தட்டு எந்த ஊரில் எந்தக் கடையில் போகும், எந்த வானொலி நிலையத்தில் ஒலிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு உள்ளங்கை ரேகை. கிதார் வாசிக்கும் இந்தப் பையன்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மதிப்புரையைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான். 1972 கடைசியில் ஸ்டாக்ஸ், விநியோகப் பொறுப்பைக் கொலம்பியா என்ற ராட்சசக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. விமோசனம் வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கொலம்பியாவோ ஸ்டாக்ஸின் பழைய சிறு விநியோகஸ்தர்களோடு உறவு வேண்டாம் என்று முடிவு செய்து, கடைகளில் இருந்த கொஞ்ச நஞ்சப் பிரதிகளையும் திருப்பி எடுத்துக்கொண்டது. கடை விரித்தும் கொள்வார் இல்லாமல் போவது ஒரு துக்கம். கொள்வார் வாசலில் வந்து நிற்கும்போது கடையைக் கட்டுவது என்ன துக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பில்போர்டு மாதிரிப் பத்திரிகையின் புகழ்ச்சி யாருக்கு எழுதப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது ரசிகனுக்கு அல்ல, கடைக்காரருக்கு. 'இது போகும், வாங்கி அடுக்குங்கள்' என்பதுதான் அதன் சாரம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பருத்தி நல்ல பருத்தி என்று தரகர் சொல்வதைப் போல. அந்தத் தரகர்கள் பார்த்தது சரியாகவே இருந்தது. பருத்திதான் சந்தைக்கு வரவில்லை.

இதுவரை சொன்னதில் விமர்சகர்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

நாலு பேரில் ஒருவர் அலெக்ஸ் சில்டன். அவர் ஏற்கெனவே பிரசித்தம். 1967ல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் என்ற கோஷ்டிக்காக அவர் பாடிய 'கடிதம்' என்ற பாட்டு அமெரிக்காவில் நாலு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டில் நாற்பது வயதுக் குடிகாரனின் கரகரப்பான குரல். இந்தத் தட்டில் மெலிந்து, நெருங்கி வந்து பாடும் குரல். அந்தப் பையனா இவன் என்று விமர்சகர்கள் ஆச்சரியப்பட்டதில் வியப்பில்லை. ஆச்சரியம் ஒரு கட்டுரையைத் தொடங்க நல்ல வசதி. ஆகவே மதிப்புரைகள் பலவும் சில்டனை முன்னால் நிறுத்திப் பேசின.

இன்னொருவர் கிறிஸ் பெல். கோஷ்டியைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். சில்டன் பிறகு வந்து சேர்ந்தார். ஜான் ஃப்ரை தம் ஸ்டூடியோவைச் சுற்றித் திரிந்த இளைஞர்களுக்கு ஒலிப்பதிவு வித்தையைக் கற்றுக் கொடுத்து, வேலை நேரம் முடிந்தபின் சாவியையும் கொடுத்துவிடுவார். பெல் அந்த இரவுகளில் வாழ்ந்தவர். கிதார் எவ்வளவு பளபளக்க வேண்டும், குரல்களை எப்படி அடுக்க வேண்டும் என்று அலுக்காமல் இழைத்தவர். அந்தத் தட்டின் ஓசை என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் பெரும் பங்கு அவருடைய பிடிவாதம். அவருக்கு முன்கதை எதுவும் இல்லை; ஆகவே கட்டுரையைத் தொடங்க அவர் உதவவில்லை.

போதாக்குறைக்கு இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். பீட்டில்ஸில் லெனனும் மெக்கார்ட்னியும் செய்ததுபோல, யார் எழுதினாலும் இருவர் பெயரையும் சேர்த்தே போடுவது. நட்பில் செய்த காரியம். ஆனால் ஒரு பிரபல பெயரையும் ஒரு புதுப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? பெரியது சின்னதை விழுங்கிவிடும். பெயரைப் பார்த்து எழுதுகிறவருக்கு அந்தத் தட்டு சில்டனின் மறுபிறவியாகத்தான் தெரியும்.

பெயரை மூடி வைத்துவிட்டுத் தட்டைப் போட்டிருந்தால்? முதல் பக்கத்தில் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு குரல்கள் மாறி மாறி வருகின்றன. முதல் பாட்டில் ஒருவர் தொண்டையே கிழிந்துவிடுமோ என்கிற மாதிரி உச்சியில் நின்று கதறுகிறார், அது பெல். இரண்டாவது பாட்டில் ஒருவர் நிதானமாக, பிடிவாதம் தெரியாத பிடிவாதத்தோடு பாடுகிறார், அது சில்டன். மூன்றாவது மறுபடியும் பெல். நான் சொன்ன 'பதிமூன்று' நாலாவது, சில்டன். ஐந்தாவது பெல். இதைப் பிரித்து அறிய சங்கீத ஞானம் வேண்டாம்; என் அக்காள் மகனே சொல்லிவிட்டான். ஒருவர் மனம் திறந்த காயம், மற்றவர் மனம் பாதி சாத்திய கதவு. இரண்டும் உராய்வதில்தான் அந்தத் தட்டின் உயிர் இருக்கிறது. காதால் கேட்டு எழுதியிருந்தால், 'இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்' என்ற ஒரு வாக்கியத்தை யாரும் எழுதியிருக்கலாம்.

பெல்லை இது வெகுவாகப் பாதித்தது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தட்டு விற்கவில்லை என்ற அடியும் கூடச் சேர்ந்தது. 1972 முடிவதற்குள் அவர் கோஷ்டியை விட்டு விலகிவிட்டார். வசவு பொறுக்காமல் ஓடிய கலைஞர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். பாராட்டு வந்து, அது தன் வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், ஒரு விதத்தில் உண்டு. நாலைந்து வருஷங்களுக்கு முன் ஒரு மாதப் பத்திரிகைக்காக, தமிழில் வந்த வங்காள நாவல் ஒன்றைப் பற்றி எழுதினேன். ஆற்றங்கரை வர்ணனையில் மயங்கி, நடையின் குளிர்ச்சி, சொற்சிக்கனம், பேச்சின் லாவகம் என்று ஒன்றரைப் பக்கம் ஆசிரியரைத் தூக்கி வைத்தேன். வங்காளி எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நான் வாசித்தது முழுக்க முழுக்கத் தமிழ். அந்தத் தமிழை எழுதிய அம்மாளின் பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நான் அதைக் குறிப்பிடவே இல்லை. பத்து நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. ஆசிரியர் காலமாகி நாற்பது வருஷம் ஆகிறது என்றும், என் பாராட்டை அவருக்குச் சேர்ப்பிக்க வழியில்லாததால் தாமே வைத்துக்கொள்வதாகவும் எழுதி, நமஸ்காரத்தோடு முடித்திருந்தார். பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். எழுதவில்லை. கார்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மதிப்புரை எழுத உட்காரும்போது அந்த இழுப்பறையை நான் திறப்பதில்லை.

மெம்ஃபிஸுக்குத் திரும்புகிறேன். 1973 மே மாதக் கடைசியில் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ராக் சங்கீத விமர்சகர்கள் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களை ஆர்டெண்ட்காரர்கள் வரவழைத்தார்கள். லெஸ்டர் பாங்ஸ் போன்ற பிரபலஸ்தர்கள் எல்லோரும் வந்தார்கள். சாப்பாடும் குடியும் தாராளம். சங்கம் ஒன்றும் உருப்படவில்லை. உள்நோக்கம் பிக் ஸ்டாரை அவர்கள் காதில் போடுவதுதான். அது மட்டும் நடந்தது. இரவில் கோஷ்டி மேடை ஏறியதும் எழுத்தாளர்கள் எழுந்து ஆடியதாகச் சொல்கிறார்கள். விமர்சகர்கள் ஆடுவதைப் பார்க்க நானும் போயிருக்க வேண்டும்! அந்த உற்சாகத்தில்தான் கோஷ்டி கலையாமல், 1974ல் இரண்டாவது தட்டையும் கொண்டு வந்தது. ஒரு கலைப் படைப்பு உண்டாவதற்கு விமர்சகர்கள் நேரடியாகக் காரணமாக இருந்தது எனக்குத் தெரிந்து அபூர்வம். அந்தப் புண்ணியத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அன்று மேடையில் இருந்தவர்கள் மூன்று பேர். நாலாமவரைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பிற்பாடு வந்த கீர்த்தியைப் பற்றி அதிகம் சொல்லப் பிரியமில்லை. 1975 கடைசியில் ஸ்டாக்ஸ் கம்பெனியே மூடப்பட்டது. 1978ல் இங்கிலாந்தில் முதல் இரண்டு தட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். புதிய தலைமுறைப் பாட்டுக்காரர்கள் பிக் ஸ்டாரைத் தங்கள் குலதெய்வமாக்கிக்கொண்டார்கள். 2003ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எக்காலத்துக்கும் சிறந்த 500 தட்டுகள் என்று பட்டியல் போட்டபோது, கோஷ்டியின் மூன்று தட்டுகளுக்குமே அதில் இடம் கிடைத்தது.

இந்தப் புகழிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. 1972ல் எழுதியவர்கள் பாட்டு நன்றாயிருக்கிறது, ஆகவே விற்கும் என்றார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் விற்கவில்லை, ஆகவே உன்னதம் என்கிற தோரணையில் எழுதுகிறார்கள். தோல்வியையே ஒரு வாத்தியமாக்கி அதைக் கூடவே வாசிக்கிறார்கள். முன்னவர்கள் ஆளை மாற்றினார்கள் என்றால் இவர்கள் பொருளையே மாற்றிவிடுகிறார்கள். 'பதிமூன்று' ஒரு கோடி பிரதிகள் விற்றிருந்தாலும் அதே பாட்டுத்தானே? சில்டனே இந்த பக்தியைக் கண்டு முகம் சுளித்தவர். புகழ் வளர்ந்துகொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் நியூ ஆர்லியன்ஸில் பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவும் இல்லை. 2010 மார்ச்சில் காலமானார்.

விலாசம் தவறுவது மட்டும் ஓயவில்லை. 1987ல் ரிப்ளேஸ்மெண்ட்ஸ் என்ற கோஷ்டி நன்றிக் கடனாக ஒரு பாட்டுச் செய்தது. அதன் தலைப்பு 'அலெக்ஸ் சில்டன்'. 1998ல் தொடங்கிய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு 'தெருவில்' என்ற பாட்டை முகப்புப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் வாராவாரம் அது ஒலித்தது, வேறு ஒருவர் குரலில். மூலத் தட்டில் அதைப் பாடியவர் பெல்.

அவர் கதை சிறியது. 1974லும் அதற்கு அடுத்த வருஷமும் தம் அண்ணனோடு ஐரோப்பா போய், பிரான்ஸில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் பாட்டுகளைப் பதிவு செய்தார். லண்டனில் பீட்டில்ஸுக்கே ஒலிப்பதிவு செய்த ஜெஃப் எமரிக் அவருக்காக உட்கார்ந்து வேலை பார்த்தார். கம்பெனிகள் வாங்கவில்லை. ஊர் திரும்பி, குடும்பத்தாரின் உணவு விடுதியில் வேலை பார்த்தார். 1978 டிசம்பர் 27ஆம் தேதி, இருபத்தேழு வயதில், கார் ஒரு கம்பத்தில் மோதி இறந்துபோனார். அவருடைய தனிப் பாட்டுகள் ஒரு முழுத் தொகுப்பாக வெளிவர 1992 ஆயிற்று.

உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் வந்தது ஒரே ஒரு சின்னத் தட்டு, அதே 1978ல். அதன் பின்பக்கப் பாட்டுக்கு 'நீயும் உன் சகோதரியும்' என்று பெயர். பெல் பாடுகிறார். அந்த உயர்ந்த, கிழிந்த குரல் இதில் அடங்கி, ஏறக்குறையக் கெஞ்சலாகிவிட்டது. நடுவில் அதற்குத் துணையாக இன்னொரு குரல், மேலே ஏறாமல், பக்கத்தில் மெல்ல வந்து நின்றுகொள்கிறது. யார் என்று பெயரைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டேன். அது சில்டன்.